எங்கள் வீட்டுப் பூனை வெட்டிய காய்கள்

போன வாரம் நான் எழுதிய தண்ணீர் லாரிச் சண்டையைப் படித்துவிட்டு, "உங்க வீட்டுல சண்டையைத் தவிர வேற எதுவுமே நடக்காதாம்மா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நடக்கும் தாயே. விளையாட்டும் நடக்கும். சண்டையே தேவலை என்று சொல்கிற அளவுக்கு நடக்கும். கேளுங்கள்.

கம்பெனி கேன்டீனில் சாயங்கால டீ பிரேக். மொத்தம் பத்து நிமிஷம். ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், லாக்கரிலிருந்து போனை எடுத்த கையோடு எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் தத்தம் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். எல்லையோர ஊர் என்பதால் கன்னடத்தில் ஒருத்தி, தெலுங்கில் ஒருத்தி, தமிழில் நான். என் காலடியில் காலியான தக்காளி கிரேட் ஒன்று.

என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"கலா, இன்னைக்கும் ஸ்க்ராப்பு என் காயை வெட்டிருச்சு. கடைசி காயும் போச்சு. நான் என்ன செய்ய, சொல்லு."

ஸ்க்ராப் என்பது எங்கள் பூனை. என் கம்பெனிக்குப் பின்னால் கழிவு இரும்பு கொட்டுகிற இடத்தில் குட்டியாகக் கிடந்ததால் என் மகள் தர்ஷினி வைத்த பேர். அந்தப் பூனை அந்த நேரத்தில் பாகலூர் ரோட்டில் மாட்டு டாக்டரின் கிளினிக்கில், கருத்தடை ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளியாமல் படுத்திருந்தது. காலையில் அந்த கிரேட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் விட்டதே நான்தான். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். காலி கிரேட்டை வீட்டில் போட நேரமில்லாமல் கம்பெனிக்கே கொண்டுவந்தேன். ராயக்கோட்டை மார்க்கெட்டுத் தக்காளி கிரேட்டோடு வேலைக்கு வந்த ஒரே இன்ஸ்பெக்டர் என்ற பெருமை என்னைச் சேரும். செக்யூரிட்டி அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்து, பூனை முடியைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

"அப்படிங்களா," என்றேன் போனில்.

நான் வேலை செய்வது இன்ஸ்பெக்‌ஷனில். அளவு தப்பாக வந்த பீஸைக் கண்டால் கத்த மாட்டோம். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இது எப்படி வந்தது என்று பார்ப்போம். கல்யாணமான நாளிலிருந்து இவர் சொன்ன பொய்களை எல்லாம் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். எல்லாமே இவருக்கு லாபமான பொய்கள். இது இவருக்கே நஷ்டமான பொய். அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆறுதல் பரிசு

விளையாட்டைச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும். இவருடைய கம்பெனியில் வருஷத்துக்கு ஒருநாள் குடும்பத்தை எல்லாம் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். வருஷம் பூராவும் குடும்பத்தைப் பார்க்க விடாத கம்பெனி, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனசு பண்ணுகிற நாள். அதில் குலுக்கல் உண்டு. பக்கத்து லைன்காரருக்கு மிக்சி விழுந்தது. இன்னொருவருக்கு இட்லிக் குண்டான். எங்களுக்கு ஆறுதல் பரிசு.

பெட்டியின் மேல் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. மேசை மேல் ஒரு நாய், ஒரு பூனை. குடும்பமும் செல்லப்பிராணியும் சேர்ந்து விளையாடலாமாம். அந்தப் படத்தில் யாருமே வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி இல்லை.

ஆட்டம் சுலபம். ஒரு அட்டை, கட்டம் கட்டமாகப் பாதை. ஆளுக்கு நாலு காய். தாயக்கட்டை உருட்டி, நாலு காயையும் சுற்றிக் கொண்டுவந்து நடுவில் சேர்த்தவர் ஜெயித்தார். பூனைக்குக் காய் கிடையாது. அதன் முறை வரும்போது அதை மேசைமேல் விட வேண்டும். அது எந்தக் காயைத் தட்டுகிறதோ, அந்தக் காய் வெட்டுப்பட்டு முதல் கட்டத்துக்கே திரும்பும். அவ்வளவுதான். செல்லப்பிராணி களைப்படைந்தால் ஆட்டத்தை உடனே நிறுத்தவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொம்பளை களைப்படைந்தால் என்ன செய்வது என்று எங்கேயும் போடவில்லை. நான் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

சித்தப்பாக்களும் தாயமும்

எனக்கு இந்த மாதிரி ஆட்டங்கள் மேல் நம்பிக்கை போய் ரொம்ப காலம் ஆகிறது. எங்கள் ஊர் காவேரிப்பட்டினம். பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாயம் நடக்கும். குடும்பம் ஒற்றுமையாக இருக்கட்டும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டு கட்டம் நகர்வதற்குள் சின்னச் சித்தப்பா, "அது அஞ்சு இல்ல, ஆறு," என்பார். நடுச் சித்தப்பா, "உன் கண்ணுல கோளாறு," என்பார். அங்கிருந்து கிணற்றுத் தண்ணீர், பாகம் பிரித்தது, யாரோ கல்யாணத்தில் யாருக்கோ பாயசம் வராமல் போனது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஒரு வருஷம் சின்னச் சித்தப்பா பாதி ஆட்டத்தில் எழுந்து போனவர், சிங்காரப்பேட்டைக்கே குடிபோய்விட்டார். இன்றைக்கு வரைக்கும் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவரவர் பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகை தபாலில்தான் போகிறது. விளையாட்டு குடும்பத்தை இணைக்கும் என்று யாராவது சொன்னால் நான் அவர்களை ஒருமாதிரிதான் பார்ப்பேன்.

டம்ளர் யார் பக்கம்

ஆனால் தர்ஷினி விடவில்லை. எட்டாவது படிக்கிறாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான், என் பிள்ளையாச்சே.

கஷ்டம் என்னவென்றால் நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார வழியே இல்லை; ஞாயிற்றுக்கிழமையும் துவைக்கவும் தூங்கவுமே போய்விடும். இவர் காலை ஷிப்ட். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறினால், மூன்று மணிக்கு வருவார். நான் மத்தியான ஷிப்ட். ஒரு மணிக்குக் கிளம்பினால், வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கியிருப்பார்கள். தர்ஷினி பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் முடித்து இருட்டின பிறகு வருவாள். எங்கள் வீட்டில் முழுநேரமும் இருக்கிற ஒரே ஜீவன் பூனை. அதுவும் மத்தியானம் ஆனால் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதனால் ஆட்டத்தையே ஷிப்ட்டுக்கு விட்டோம். அட்டை சாப்பாட்டு மேசையிலேயே விரித்துக் கிடக்கும். நாங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். யார் முறையோ அவர் பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் டம்ளரைப் பார், உன் பக்கம் இருந்தால் உருட்டு, நகர்த்து, அடுத்தவர் பக்கம் வை. கம்பெனியில் ஒரு ஷிப்ட்காரன் அடுத்த ஷிப்ட்காரனிடம் மிஷினை ஒப்படைக்கிற மாதிரியேதான். பெட்டி மேலிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் பார்த்திருந்தால் சிரிப்பை நிறுத்தியிருக்கும்.

முதலில் இவர், அப்புறம் தர்ஷினி, அப்புறம் நான், அப்புறம் பூனை. பூனைக்கு அடுத்து மறுபடியும் இவர். பூனைக்கு டம்ளர் தெரியாது என்பதால், அதற்கு அடுத்து ஆடுகிறவர்தான் அதை மேசைமேல் விட்டு, அது எதைத் தட்டியது என்று சொல்ல வேண்டும். இந்த விதியைப் போட்டது இவர். தனியாக உட்கார்ந்து உருட்டுகிற கட்டையில் யார் உண்மையைச் சொல்லுவார்கள் என்று நான் கேட்டேன். "நம்பிக்கைதான் கலா வாழ்க்கை," என்றார். நானாக இருந்தால் கூச்சத்தில் செத்திருப்பேன். இவர் சொல்லிவிட்டுக் காபி குடித்தார்.

பந்தயம்

ஒரு ஆட்டம் முடிந்து இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. இவர் கம்பெனி வடக்கே எங்கேயோ புதுசாக ஒரு பிளான்ட் கட்டுகிறது. அங்கே ஷிப்ட் இன்சார்ஜாக இவரை அனுப்பப் போகிறார்களாம். பதவி உயர்வு, கம்பெனி வீடு, எல்லாம் உண்டு. மாசக் கடைசிக்குள் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

இவருக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். அன்றைக்கு எனக்கு லீவு. செய்தி வந்த சாயங்காலமே அண்ணன், தம்பி, மச்சினன், ஒண்ணுவிட்ட மாமா வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "நம்ம குடும்பத்துலயே முதல் ஆளு நீதான்டா," என்று அங்கிருந்து சத்தம் எனக்கே கேட்டது. இவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பாப்போம்ணே, பாப்போம்ணே," என்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

நான் என் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து, நின்று நின்று காலில் நரம்பு புடைத்து, இப்போதுதான் ஒரு லைனுக்கு என் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகாது என்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு, பேர் தெரியாத ஊரில் கம்பெனி வீட்டு ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இல்லையென்றால் இவர் அங்கே, நாங்கள் இங்கே. இப்போதே டம்ளரை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறோம். அதுவும் போய்விடும்.

"நான் வரல," என்றேன்.

"வராம?"

"நீங்க போங்க. வருஷத்துக்கு ஒருக்கா உங்க கம்பெனி கூப்பிட்டுச் சோறு போட்டா வந்து பாத்துக்கறேன்."

நாலு நாள் பேச்சில்லை. பேசாமலேயே டம்ளர் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இந்த ஆட்டத்துலயே முடிவு பண்ணிக்குவோம். நான் ஜெயிச்சா எல்லாரும் போறோம். நீ ஜெயிச்சா இங்கயே இருக்கோம்."

படித்தவர்கள் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். டிப்ளமா முடித்த இரண்டு பேர், ஒரு பிள்ளையின் படிப்பு, இரண்டு வேலை, எல்லாவற்றையும் நாலு பிளாஸ்டிக் காயிலும் ஒரு பூனையின் வாலிலும் கட்டித் தொங்கவிட்டோம். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. உட்கார நேரமும் இல்லை. எனக்கு அப்போது மூன்று காய் பாதி வழி தாண்டியிருந்தது. சரி என்றேன்.

நியாயமான பூனை

அன்றிலிருந்து ஸ்க்ராப்புக்கு ஞானம் பிறந்துவிட்டது.

அதற்கு முன்னால் அது கண்டபடி தட்டும். என் மஞ்சள் காயைத் தட்டும், தர்ஷினியின் பச்சையைத் தட்டும், அட்டை மேலேயே படுத்துத் தூங்கும். பந்தயம் வைத்த பிறகு சிவப்பை மட்டும்தான் வெட்டியது. சிவப்பு இவருடைய காய். முதலில் ஒன்று. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. நடுவுக்குச் சேர ஆறே கட்டம் இருக்கிற காயைக்கூட விடவில்லை. வெட்டிய நாளெல்லாம் டீ பிரேக்கில் இவர் போன் போட்டு, இழவு வீட்டுச் செய்தி சொல்கிற குரலில் சொல்வார்: "இன்னைக்கும் வெட்டிருச்சு கலா."

என் உச்சி குளிர்ந்தது. வாரா வாரம் பூனைக்கு நெத்திலிக் கருவாடு வாங்கிப் போட்டேன். பக்கத்து மிஷினில் நிற்கும் மஞ்சுளாவிடம், "எங்க பூனைக்கு இருக்கற நியாயம் எங்க ஊட்டுல யாருக்கும் இல்ல," என்று பெருமை அடித்தேன். அவள் கன்னடக்காரி, மரியாதை தெரிந்தவள், தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரே குறை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால் மிஷினில் கோளாறு என்று டிரெய்னிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் சரக்கை எல்லாம் பார்ப்பேன். என் பக்கம் லாபமாக வந்த சரக்கைப் பார்க்கவே இல்லை, அப்படியே பாஸ் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஆபரேஷன் விஷயத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. தர்ஷினியிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். இவரிடம் சொல்லலாம் என்றால், ஆள் கண்ணில் பட்டால்தானே சொல்வது. டாக்டர் காலையில் போன் பண்ணி இன்றைக்குக் கொண்டுவாருங்கள் என்றார், கொண்டுபோனேன்.

பத்து நிமிஷம்

இனி கேன்டீனுக்கு வருவோம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பூனை இப்ப எங்கீங்க?" என்றேன்.

"இங்கனதான். இப்பத்தான் மேசையை விட்டு இறங்கிச்சு. மாடிக்குப் போயிருக்கும்."

"காலையில இருந்து அது டாக்டர்கிட்ட இருக்குதுங்க. நான்தான் கொண்டுபோய் விட்டேன். கிரேட்டு எங்காலு கீழ கெடக்குது."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிறது மட்டும் கேட்டது.

"உங்க காயை நீங்களே வெட்டியிருக்கீங்க. எத்தன நாளா?"

"...ஆரம்பத்துல இருந்தே."

"எதுக்கு?"

"நான் தோக்கணும்ல."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "ஊரெல்லாம் போன் போட்டுப் பீத்திக்கிட்டு, என்னைய நாலு நாள் பேசாம போட்டு, இப்ப தோக்கணுமா? வாயைத் தொறந்து போகலன்னு சொல்ல என்னா வந்துது உங்களுக்கு?"

"சொன்னா நீ கிண்டல் பண்ணுவ."

நியாயமான சந்தேகம்தான்.

அப்புறம் அவராகவே பேசினார். நான் கேட்டுப் பழகாத குரல். "இந்த ஊருக்கு வந்த புதுசுல, பஸ்ஸுல எங்க இறங்கணும்னு கேக்கவே எனக்குக் கூச்சம் கலா. ஒருத்தன் கன்னடத்துல பேசுவான், ஒருத்தன் தெலுங்குல பேசுவான். நான் பேசுற தமிழைக் கேட்டு நம்மாளுகளே சிரிப்பாங்க. ரூமுல வந்து கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துருப்பேன். இப்பத்தான் கடைக்காரன் பேர் சொல்லிக் கூப்பிடுறான். நானும் அவனை அவன் பாஷையிலயே திட்டுறேன். மறுபடியும் முதல்ல இருந்து என்னால முடியாது. பயமா இருக்கு."

"அதுக்கு?"

"ஆட்டத்துல தோத்துட்டா, வீட்டுல விட மாட்டேங்கிறாங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்லிருவேன். அண்ணன்கிட்டயும் அப்படியே சொல்லிக்கிறலாம்னு நெனச்சேன்."

ஆக, இதுதான் கணக்கு. பயம் இவருக்கு, கெட்ட பேர் எனக்கு. விருதுநகரில் இருக்கிற அத்தனை பேரும் சாகிற வரைக்கும், முன்னுக்கு வர இருந்த மனுஷனை முந்தானையில் முடிந்து வைத்தவள் என்று என்னைப் பேசுவார்கள். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"மேனேஜர் இந்நேரம் ஆபீஸ்ல இருப்பாருங்களா?"

"இருப்பாரு. எதுக்கு?"

"போன் போடுங்க. என்னையும் லைன்ல வெச்சுக்கங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நாளைக்கு நேர்ல போயி..."

"நாளைக்குன்னா சொல்ல மாட்டீங்க. இப்ப போடுங்க."

போட்டார். நான் மியூட்டை அழுத்திவிட்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மேனேஜரின் குரல் வந்தது. இவர் தொண்டையைச் செருமினார். மழை உண்டா, நாளைக்கு லோடு உண்டா என்று என்னென்னவோ பேசினார். அப்புறம்தான், "சார், அந்த நார்த் பிளான்ட் விஷயம். எனக்கு வேண்டாம் சார்," என்றார்.

"ஏன்ப்பா, வீட்டுல ஒத்துக்கலையா?" என்றார் மேனேஜர். நல்ல மனுஷன். இவர் தேடிக்கொண்டிருந்த வழியை அவரே எடுத்துக் கொடுத்தார். "மேடம் வேலைக்குப் போறாங்க, பொண்ணு படிக்குது, எனக்குப் புரியுது. ஃபேமிலி காரணம்னே போட்டுக்கறேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல."

ஆமா சார் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் பாக்கி. நான் ஓவர்கோட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் இவர் அதைச் சொல்லாமல் விட்டதே இல்லை.

"இல்ல சார். வீட்டு மேல காரணம் போடாதீங்க. எனக்குத்தான் போக இஷ்டமில்ல."

"இந்த சான்ஸ் மறுபடி வராது. யோசிச்சுச் சொல்றியா?"

"யோசிச்சுட்டேன் சார்."

மேனேஜர் வைத்துவிட்டார். டீ பிரேக் முடிந்த சைரன் அடித்தது. பெண்கள் எல்லாம் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். நான் மியூட்டை எடுத்தேன். குத்தலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். வாயில் ஓவர்கோட்டு நுனிதான் இருந்தது.

"கலா, இருக்கியா?"

"இருக்கறேன்."

"சரியாச் சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க."

"சரி, உனக்கு லேட் ஆகுது. வச்சிரவா?"

"வேணாம். கொஞ்ச நேரம் இருங்க," என்றேன்.

உள்ளே லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. கேன்டீன் வாசலில் சூப்பர்வைசர் வந்து நின்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.